செவிலியர் கையில் ஒரு தடிப்பு

முன்கையின் உட்புறத்தில், தோலுக்கு அடியில் இறங்கிவிடாமல் தோலுக்குள்ளேயே நிற்கும்படி ஒரு சொட்டு மருந்தை ஊசியால் ஏற்றுவார்கள். இரண்டு மூன்று நாள் கழித்துப் போய்க் காட்டினால், அந்த இடம் தடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, தடிப்பின் அகலத்தை ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளந்து சீட்டில் எழுதித் தருவார்கள். மாண்டோ டெஸ்ட். பேரப்பிள்ளைக்கு இருமல் விடவில்லை என்று டாக்டரிடம் அலைந்த நம் குடியிருப்புத் தாத்தா பாட்டிகளுக்கு இது புதிதல்ல.

இதையே நோயாளிக்குச் செய்யாமல், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் நர்சுக்குச் செய்து பார்த்தால் என்ன என்று ஒரு டாக்டருக்குத் தோன்றி நூறு ஆண்டு ஆகிறது. அந்தக் கதையைத்தான் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். பி.காம். படித்துவிட்டு வங்கியில் லெட்ஜர் பார்த்தவனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இது பாதி மருத்துவம், பாதி கணக்கு. கணக்குப் பாதியைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தைரியம் உண்டு.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். காசநோய்க் கிருமி உடலுக்குள் போவது வேறு, காசநோய் வருவது வேறு. பெரும்பாலோர் உடலில் கிருமி நுழைந்ததும் உடம்பு அதைச் சுற்றி வளைத்து அடைத்துவிடுகிறது. கிருமி சாவதில்லை, வளர்வதும் இல்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம். இதற்குத்தான் மறைநிலைத் தொற்று என்று பெயர். வங்கியில் பல வருடம் வரவு செலவு இல்லாமல் கிடக்கும் கணக்கு போல. கணக்கு மூடப்படவில்லை, நடமாட்டம்தான் இல்லை. இப்படி இருப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது அது விழித்துக்கொண்டு நோயாகிறது. அதிலும் ஏறக்குறைய பாதி, தொற்றிய முதல் இரண்டு ஆண்டுக்குள்ளேயே. விழிக்காத வரையில் அவரால் அடுத்தவருக்கு ஒன்றும் ஒட்டாது. இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

காசநோய் மருத்துவரைப் பிடிப்பது புதிய விஷயமே இல்லை. ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த லென்னெக் என்ற பிரெஞ்சு டாக்டர் 1826-ல் இந்த நோயில்தான் போனார். ஆனாலும் அது ஆஸ்பத்திரியில் தொற்றியது என்று ஒப்புக்கொள்ள யாருக்கும் மனமில்லை. 1882 மார்ச்சில் பெர்லினில் ராபர்ட் கோச் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்து அறிவித்தார். அதே ஆண்டில் லண்டனில், மார்பு நோய்களுக்கென்றே நடந்த ப்ராம்ப்டன் மருத்துவமனையின் டாக்டர் தியோடர் வில்லியம்ஸ், தங்கள் ஊழியர்களின் பல வருடக் கணக்கை எடுத்துப்போட்டு, இத்தனை நோயாளிகளுக்கு நடுவே வேலை பார்த்தும் ஊழியர்களில் வெகு சிலருக்குத்தான் நோய் வந்திருக்கிறது, ஆகவே இது சாதாரணமாகத் தொற்றும் நோய் அல்ல என்று எழுதினார். பல பத்தாண்டுகள் இந்தக் கணக்கை மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். இன்று வேலையில் இருப்பவர்களைச் சம்பளப் பட்டியலில் பார்க்கலாம். உடம்பு முடியாமல் ஊருக்குப் போன பெண் அங்கே எப்போது இருமத் தொடங்கினாள் என்பது எந்தப் பட்டியலிலும் வராது.

பிறகு 1907-ல் வியன்னாவின் பிர்கே என்ற குழந்தை மருத்துவர் தோலில் கீறி டியூபர்குலின் மருந்தை வைத்துப் பார்க்கும் சோதனையைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே பிரான்ஸின் மாண்டோ அதை ஊசியாக மாற்றினார். வைத்துப் பார்த்தால், எந்த நோயும் இல்லாத பிள்ளைகளுக்கும் தடித்தது. வயது ஏற ஏறப் பெரும்பாலோருக்குத் தடித்தது. அன்றைய ஐரோப்பிய நகரங்களின் நிலை அது. இதிலிருந்து டாக்டர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: எல்லோருக்கும் சின்ன வயதிலேயே கிருமி ஏறிவிடுகிறது, பெரியவர்களுக்கு வரும் நோயெல்லாம் அந்தப் பழைய கிருமி விழித்துக்கொள்வதுதான். அப்படியானால் ஒரு நர்சுக்கு டி.பி. வந்தால் அது அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. வார்டுக்குச் சம்பந்தமில்லை. மருத்துவமனை நிர்வாகத்துக்கு இதைவிட வசதியான விஞ்ஞானம் கிடைக்குமா?

இதை உடைத்தவர் நார்வேக்காரர். யோஹன்னஸ் ஹெய்ம்பெக். ஓஸ்லோ நகராட்சியின் உல்லெவோல் மருத்துவமனையில் டாக்டர். அவர் வேலையைத் தொடங்கிய 1924-ல் அந்த நகரத்துக்கு ஓஸ்லோ என்ற பெயரே இல்லை, கிறிஸ்டியானியா. அடுத்த புத்தாண்டு அன்றுதான் பெயர் மாறியது. அவர் செய்தது மிக எளிய காரியம். நர்சிங் பயிற்சிக்குச் சேரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் சேர்ந்த உடனே பிர்கே சோதனை. எழுதி வைத்தார். பிறகு பயிற்சியின் மூன்று ஆண்டுகளிலும் திரும்பத் திரும்பச் சோதித்து எழுதினார்.

வங்கி ஆள் பார்வையில் அவர் செய்தது என்ன? ஆரம்ப இருப்பைக் குறித்தார். அதற்கு முன்னால் யாரும் அதைக் குறிக்கவில்லை. ஆரம்ப இருப்பு இல்லாத கணக்கில் பணம் எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்று எந்த ஆடிட்டராலும் சொல்ல முடியாது.

சேரும்போது அந்தப் பெண்களில் சுமார் பாதிப் பேருக்குத் தடிக்கவில்லை. எல்லோருக்கும் சிறுவயதிலேயே தொற்றிவிடும் என்ற பாடம் அந்த இடத்திலேயே பொய்யாயிற்று. மூன்று வருடப் பயிற்சி முடியும்போது அந்தப் பாதியிலும் ஏறத்தாழ எல்லோருக்கும் தடித்தது. அதாவது கிருமி வந்தது வீட்டிலிருந்து அல்ல, வார்டிலிருந்து. இன்னொன்றும் தெரிந்தது, அன்றைய டாக்டர்களைத் திகைக்க வைத்தது அதுதான். ஏற்கனவே தடிப்போடு சேர்ந்த பெண்களில் நோய் வந்தவர்கள் வெகு சிலர். தடிப்பே இல்லாமல் ‘சுத்தமாக’ வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு நோய் வந்தது. சிலர் இறந்தார்கள். இருபது வயதுப் பெண்கள்.

பாசிட்டிவ் என்றால் ஆபத்து, நெகடிவ் என்றால் நிம்மதி என்றுதான் நாம் எல்லாச் சோதனைகளையும் படிக்கிறோம். கொரோனா காலம் அதை இன்னும் அழுத்தமாகப் பழக்கிவிட்டது. ஹெய்ம்பெக்கின் பேரேட்டில் அது தலைகீழ். டி.பி. வார்டுக்குள் போகும் நர்சுக்கு நெகடிவ் என்ற சீட்டுதான் அபாய அறிவிப்பு. நோயோடு முன்பின் பரிச்சயமில்லாத உடம்பு அது.

கேஷ் கவுண்டரில் திடீர்ச் சோதனை நடக்கும். இருப்புக் குறைந்தால் கேஷியரைத்தான் பிடிப்பார்கள். சரி. ஆனால் ஒரே கவுண்டரில், யார் உட்கார்ந்தாலும் மாதாமாதம் இருப்புக் குறைகிறது என்றால் கேஷியரை மாற்றிக்கொண்டே இருப்பதில் பொருளில்லை, கவுண்டரைப் பார்க்க வேண்டும். ஹெய்ம்பெக் செய்தது நர்சுகளின் சோதனை என்று எழுதுகிறார்கள். என் கணக்கில் அது மருத்துவமனைக்கு நடந்த ஆடிட். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அடுத்த நூறு வருடச் சண்டையும்.

அவர் கண்ட மருந்து பி.சி.ஜி. பாரிஸில் 1921-ல் முதன்முதலாக மனிதக் குழந்தைக்குக் கொடுத்த தடுப்பூசி அது. 1927 முதல் தடிப்பில்லாத மாணவிகளுக்கு விருப்பத்தின் பேரில் போடத் தொடங்கினார். போட்டுக்கொண்டவர்களிடம் நோய் வெகுவாகக் குறைந்தது. விருப்பப்பட்டவர்களும் மறுத்தவர்களும் ஒரே மாதிரி ஆட்கள்தானா என்று புள்ளியியல்காரர்கள் பிற்பாடு கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தொற்று வார்டில் வருகிறது என்பதை அதற்குப் பிறகு அசைக்க முடியவில்லை.

ஆங்கிலேயர் இதையே பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 1935-ல் தொடங்கிய ப்ராஃபிட் ஆய்வில் நர்சுகள், மருத்துவ மாணவர்கள், அலுவலக ஊழியர்கள் என்று சுமார் பத்தாயிரம் இளைஞர்களைத் தோல் சோதனை, எக்ஸ்ரே இரண்டாலும் பின்தொடர்ந்தார்கள். நடுவில் உலகப் போர். அறிக்கை வந்தது 1948-ல். அங்கேயும் தடிப்பில்லாமல் சேர்ந்த நர்சுகளுக்குத்தான் அதிக அடி. 1951-ல் பிரிட்டன், மருத்துவப் பணியாளருக்கு வரும் காசநோயைத் தொழில்சார் நோய் என்று சட்டத்தில் சேர்த்தது. ப்ராம்ப்டன் கணக்கு வந்து 69 ஆண்டு கழித்து.

அமெரிக்காவில் நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் சீ வியூ என்ற பெரிய டி.பி. மருத்துவமனை. 1920-களின் கடைசியில் அங்கிருந்த வெள்ளைக்கார நர்சுகள் ஒவ்வொருவராக வேலையை விட்டுப் போக ஆரம்பித்தார்கள். வார்டுகளை மூட முடியாது. தென் மாநிலங்களில் நிறவெறிச் சட்டங்களால் நல்ல மருத்துவமனை வேலை கிடைக்காத கறுப்பினப் பெண்களுக்கு நகரம் ஆள் அனுப்பியது: வாருங்கள், பயிற்சி, சம்பளம், தங்குமிடம் எல்லாம் உண்டு. அவர்கள் வந்து அடுத்த முப்பது ஆண்டு அந்த வார்டுகளைத் தாங்கினார்கள். ‘கறுப்பு தேவதைகள்’ என்று நோயாளிகள் அழைத்தார்கள். அபாயம் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தபின் அந்த நாற்காலியில் யாரை உட்கார வைக்கிறோம் என்பதில் சமூகத்தின் கணக்கு தெரிந்துவிடுகிறது.

அதே சீ வியூவில்தான் ஐசோனியசிட் மாத்திரை 1951, 52-ல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது. எழுந்திருக்க முடியாமல் கிடந்தவர்கள் வார்டில் நடனமாடிய படங்கள் 1952-ல் உலகமெங்கும் பத்திரிகைகளில் வந்தன. பத்துப் பதினைந்து ஆண்டுக்குள், இதே மலிவு மாத்திரையை நோய் வராதவர்களுக்குப் பல மாதம் கொடுத்தால், உறங்கும் கிருமி விழிக்கும் வாய்ப்பு பாதிக்கும் மேல் குறைகிறது என்று பெரிய சோதனைகளில் தெளிவாயிற்று. அதுவரை தடிப்பைக் கண்டுபிடித்து என்ன செய்வது? எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு காத்திருப்பதுதான். இப்போது முதல்முறையாகச் செய்ய ஒன்று கிடைத்தது.

ஆனால் நோயில்லாத ஆளுக்கு மருந்து கொடுப்பதில் ஒரு தொந்தரவு உண்டு. 1970-ல் வாஷிங்டனில், நாடாளுமன்றம் இருக்கும் கேபிடல் ஹில் பகுதியில் ஒரு டி.பி. பரவலுக்குப் பிறகு 2,321 அரசு ஊழியர்களுக்கு ஐசோனியசிட் தொடங்கினார்கள். 19 பேருக்குக் கல்லீரல் பாதித்தது. இருவர் இறந்தார்கள். அதன் பிறகுதான் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களைக் கல்லீரலுக்காகக் கண்காணிக்க வேண்டும் என்பது நடைமுறையாயிற்று. தடிப்பு இருக்கிறது, உடனே மருந்து என்று போய்விட முடியாது. வயது, குடிப்பழக்கம், தொற்றி எவ்வளவு காலம் ஆயிற்று எல்லாம் பார்க்க வேண்டும்.

பால்டிமோர் நகரில் நடந்த கினிப்பன்றிச் சோதனையையும் இங்கே சொல்ல வேண்டும். 1950-களின் பின்பாதியில் ரிச்சர்ட் ரைலி, வில்லியம் வெல்ஸ் என்ற இருவர், முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில் ஆறு படுக்கை டி.பி. வார்டிலிருந்து வெளியேறும் காற்றைக் குழாய் வழியே மாடியில் இருந்த கினிப்பன்றிக் கூண்டுகளுக்கு அனுப்பினார்கள். பன்றிகள் எந்த நோயாளியையும் பார்த்ததில்லை, தொட்டதில்லை. அந்தக் காற்றைச் சுவாசித்ததே போதும், தொற்றியது. புற ஊதா விளக்கு வழியாக வந்த காற்றைச் சுவாசித்த கூண்டில் தொற்றவில்லை. பாத்திரம், துணி, கைகுலுக்கல் அல்ல. மூடிய அறையின் காற்று. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் மருத்துவமனைகள் ஜன்னலைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவில்லை. மருந்து வந்துவிட்டதே என்ற தெம்பு.

அந்தத் தெம்பு நியூயார்க்கில் உடைந்தது. சுகாதாரத் துறைக்கு நிதி வெட்டு, எய்ட்ஸ், வீடற்றோர் பெருக்கம் எல்லாம் சேர்ந்து 1992-ல் அந்த ஒரு நகரத்தில் மட்டும் 3,811 காசநோயாளிகள். முக்கிய மருந்துகளுக்கே அடங்காத கிருமி மருத்துவமனைகளுக்குள் வார்டு வார்டாகப் பரவி, ஊழியர்களையும் சாய்த்தது. ஒரே ஆண்டில் எதிர்மறையிலிருந்து நேர்மறைக்கு மாறிய கைகளை எண்ணியபோதுதான் பல இடங்களில் விஷயமே வெளிவந்தது. ஹெய்ம்பெக்கின் பேரேடு திரும்பவும் மேசைக்கு வந்தது. 1994-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. விரிவான விதிகளை வெளியிட்டது: சந்தேக நோயாளியை உடனே தனி அறையில் வை, காற்றை வெளியே இழு, ஊழியருக்கு வேலையில் சேரும்போதும் பிறகு குறித்த காலத்திலும் தோல் சோதனை செய். கொரோனாவில் நாமெல்லாம் தேடி அலைந்த என்-95 முகக்கவசம் அந்தப் பெயரோடும் தரத்தோடும் 1995-ல் அங்கே வந்ததற்கு இந்த டி.பி. பரவல்தான் முக்கியத் தூண்டுதல். ஆனால் இதையெல்லாம் தொழிலாளர் பாதுகாப்புச் சட்ட விதியாகக் கட்டாயமாக்க 1997-ல் வைத்த முன்மொழிவு 2003 கடைசியில் கைவிடப்பட்டது. அதற்குள் நோய் குறைந்துவிட்டிருந்தது.

நம் ஊருக்கு வருவோம். தாம்பரத்துக்குப் போகும் ரயிலில் ‘தாம்பரம் சானடோரியம்’ என்று அறிவிப்பதைக் கேட்டுப் பழகிவிட்டோம். ஒரு காசநோய் மருத்துவமனையின் பெயரை ஒரு ரயில் நிலையமே சுமக்கிறது என்று நினைப்பதில்லை. சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய ஆராய்ச்சி மையம்தான் சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்தும் குணப்படுத்தலாம், அதனால் வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று உலகத்துக்குக் காட்டியது. பெருமைப்பட வேண்டிய விஷயம். பிற்பாடு செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968 முதல் நடந்த மிகப் பெரிய பி.சி.ஜி. ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்றும் காட்டியது. ஓஸ்லோவில் நர்சுகளைக் காத்த ஊசியை நம் நர்சுகளுக்கு நம்பிக் கொடுத்துவிட முடியாது என்பது அதன் ஒரு பொருள்.

ஆனால் நர்சுகளின் கைகளை நாம் எண்ணிப் பார்த்தது வெகு தாமதமாகத்தான். 2004-ல் மகாராஷ்டிரத்தில் சேவாகிராம் மருத்துவக் கல்லூரியில் மதுகர் பை குழுவினர் 726 பணியாளர்களைத் தோல் சோதனையாலும் புதிய ரத்தச் சோதனையாலும் பார்த்தார்கள். ஏதாவது ஒன்றிலாவது பாசிட்டிவ் வந்தவர்கள் சரிபாதி. வேலூர் சி.எம்.சி.யில் நர்சிங் மாணவிகளை ஹெய்ம்பெக் முறையிலேயே பின்தொடர்ந்தபோது ஆண்டுக்கு 7.8 சதவீதம் பேருக்குப் புதிதாகத் தொற்றுவதாக 2011-ல் வெளியிட்டார்கள். நாட்டின் பொதுச் சராசரியாக அப்போது கொள்ளப்பட்டது 1.5 சதவீதம். ஐந்து மடங்கு. இந்த எண்ணை வெளியிட்டதற்காக அந்த மருத்துவமனையைப் பாராட்ட வேண்டும். எண்ணிப் பார்க்காத இடங்களில் எண் இதைவிடக் குறைவு என்று பொருளல்ல, எண் இல்லை என்று பொருள்.

என் தங்கை மகள் நர்ஸ். ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தாள். சேரும்போது மஞ்சள் காமாலை ஊசி, எக்ஸ்ரே எல்லாம் உண்டு, மாண்டோ கிடையாது. இரண்டாம் வருடம் சாயங்காலக் காய்ச்சல், நுரையீரலைச் சுற்றி நீர். டி.பி. ஆறு மாதம் மருந்து சாப்பிட்டுக் குணமாகி இப்போது நன்றாக இருக்கிறாள். விடுப்பு தீர்ந்து இரண்டு மாதச் சம்பளம் போயிற்று. ‘பஸ்ஸில் வருகிறாய், எங்கே பிடித்ததோ’ என்றார்கள். 1882-ல் லண்டனில் சொன்ன பதிலுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. ஆனால் அவள் பக்கம் எடுத்துக்காட்டவும் ஒன்றுமில்லை. சேர்ந்த அன்று கையில் தடிப்பில்லை என்று ஒரு சீட்டு இருந்திருந்தால் பேச்சே வேறு. 2025 வரை அமலில் இருந்த நம் நாட்டு 1923-ம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், மருத்துவமனை, ஆய்வகப் பணிகளில் பிடிக்கும் தொற்றுநோய்கள் தொழில்சார் நோய்ப் பட்டியலின் முதல் வரியிலேயே இருந்தன. இ.எஸ்.ஐ. சட்டத்திலும் அதே பட்டியல் இருந்தது. சட்டம் இருந்தது. ஆரம்ப இருப்பு இல்லை.

இதற்கிடையில் சோதனையே மாறிவிட்டது. பி.சி.ஜி. போட்டவர்களுக்கும் தோல் தடிக்கக்கூடும் என்பது மாண்டோவின் பழைய குறை. அதற்குத்தான் 2001 முதல் ரத்தச் சோதனை வந்தது. மூன்றாம் நாள் திரும்ப வர வேண்டாம், ஸ்கேல் வேண்டாம், கம்ப்யூட்டர் எண் தரும். துல்லியம் என்று நினைத்தார்கள். 2014-ல் வெளியான ஒரு ஆய்வில், அமெரிக்காவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பணியாளர்களுக்குத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தால், தோல் சோதனையில் புதிதாக பாசிட்டிவ் ஆனவர்கள் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. ரத்தச் சோதனைகளில் ஆறு, எட்டு. அவர்களை மறுபடி சோதித்தால் முக்கால்வாசிப் பேர் தாமாகவே நெகடிவ். கோட்டுக்குச் சற்று மேலே, சற்றுக் கீழே என்று ஆடும் எண்கள். வீண் பயம், வீண் மாத்திரை. 2019 மே மாதம் சி.டி.சி. தன் விதியை மாற்றிக்கொண்டது: வேலையில் சேரும்போது எல்லோருக்கும் சோதனை, நோயாளியோடு பாதுகாப்பில்லாமல் பழக நேர்ந்தால் சோதனை, வருடாவருடம் எல்லோருக்கும் தேவையில்லை. நோய் வெகுவாகக் குறைந்த நாட்டுக்கு இது சரியான சிக்கனம். நம்மூர் மருத்துவமனைகள் இதைக் காட்டித் தப்பித்துக்கொள்ளக் கூடாது. அந்த விதியிலும் முதல் நாள் சோதனை அப்படியே நிற்கிறது. பி.சி.ஜி.யால் குழம்பாத ‘சி-டிபி’ வகைத் தோல் ஊசிக்கு 2022-ல் நம் நாட்டிலேயே அனுமதி கிடைத்து, அது இங்கேயே தயாராகிறது. ரத்தச் சோதனைக்குச் செலவாகும் என்ற சாக்கும் இனி பாதிதான்.

கடைசியாக நம் வாட்ஸ்அப் குழுவில் ஓடிய பேச்சு. முதியவர்களைப் பார்த்துக்கொள்ள வரும் ஹோம் நர்சுகள், அட்டெண்டர்கள் எல்லோரிடமும் ‘டி.பி. நெகடிவ்’ ரிப்போர்ட் வாங்கிய பிறகே கேட் பாஸ் தர வேண்டும் என்று சிலர் எழுதியிருந்தார்கள். அக்கறையில் எழுதியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கு இந்த மறைநிலைத் தொற்று உண்டு. நம் கமிட்டியின் ஒன்பது பேருக்கும் எடுத்தால் இரண்டு மூன்று பேருக்கு கேட் பாஸ் கிடைக்காது. மாண்டோ பாசிட்டிவ் என்பதற்காக ஒரு பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தினால் நமக்கு ஒரு பாதுகாப்பும் கூடவில்லை, அவளுக்கு ஒரு மாத அரிசி போயிற்று. நமக்குத் தெரிய வேண்டியது ஒன்றே: இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா, சாயங்காலக் காய்ச்சலா, எடை குறைகிறதா? ஆம் என்றால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் இலவசம், மருந்தும் இலவசம். இதே கேள்வி நம் வீட்டுப் பெரியவருக்கும் பொருந்தும். ஏ.சி. போட்டு ஜன்னலையெல்லாம் அடைத்த படுக்கையறையில், இருமும் தாத்தாவோடு பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவர் அந்த அட்டெண்டர்தான். யார் யாருக்கு ஒட்டவைக்கிறார்கள் என்பதை எந்தப் பக்கமிருந்து கேட்கிறோம் என்று கொஞ்சம் பார்க்கலாம்.

நான் விசாரித்த வரையில், ஏஜென்சி வழியாக நம் பிளாக்குகளுக்கு வருபவர்களில் யாருக்கும் வேலையில் சேர்ந்த அன்று எடுத்த சோதனை இல்லை. இ.எஸ்.ஐ. அட்டை இருப்பவர் ஒருவர். செக்யூரிட்டி அறைப் பதிவேட்டில் டி.பி. ரிசல்ட்டுக்கென்று புதிதாகப் போட நினைத்திருக்கும் கட்டத்துக்குப் பதிலாக, இருமல் இரண்டு வாரத்துக்கு மேலா என்ற கேள்வியையும், வேலைக்கு வைத்திருக்கும் வீட்டுக்காரர் பரிசோதனைக்கு அனுப்பிய தேதியையும், அந்த நாள் சம்பளம் கொடுத்தாரா என்பதையும் எழுதும்படி செயலாளருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்தில் அது மூன்றாவது பொருளாக வருகிறது.